கப்பலேறிய முனுசாமியை எந்தப் பெயரில் தேடுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, வெள்ளைக்காரன் காலத்தில் கூலி ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. எங்கள் பூர்விகம் வாலாஜா பக்கம். நான் சென்னையில் இருக்கிறேன். தாத்தாவின் தங்கைக்கு இப்போது 91 வயது. அவர் சொல்வது மூன்றே விஷயம்: முனுசாமியின் அப்பா பெயர் ஏழுமலை, முனுசாமி கப்பலேறியபோது அவருடைய தம்பிக்கு, அதாவது இந்தப் பாட்டியின் அப்பாவுக்கு, மீசைகூட முளைக்கவில்லை, முனுசாமியின் கையில் சூட்டுத் தழும்பு இருந்ததாம். குடும்ப மரம் போடும் இரண்டு இணையதளங்களில் பணம் கட்டிச் சேர்ந்தேன். டர்பனில் இருக்கும் ஒரு குடும்பத்தின் மரத்தில், 1868-ல் பிறந்த ஒரு முனுசாமி இருக்கிறார், உங்கள் ஆளோடு பொருந்துகிறார் என்று ஒரு தளம் காட்டுகிறது. அவர்தானா? டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? அம்மாவோ, ‘போனவர் போயிட்டாரு, இப்ப எதுக்கு இதெல்லாம்’ என்கிறார். — வாசகி, சென்னை

பதில்: அந்தப் பொருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர் உங்கள் முனுசாமியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாட்டிக்கு 91 என்றால் அவர் பிறந்தது 1930-களின் நடுவில். அவருடைய அப்பா, உங்கள் கொள்ளுத்தாத்தா, ஏறக்குறைய 1890-ஐ ஒட்டிப் பிறந்திருக்கலாம். மீசை முளைக்காத வயது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று. அப்படியானால் அண்ணன் கிளம்பியது 1900-க்குப் பிறகு. டர்பன் மரத்தில் இருப்பவர் 1868-ல் பிறந்தவர். அண்ணன் தம்பிக்குள் இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி வருகிறது. ஒரே தாய் வயிற்றில் அது நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் இணையதளம் அதையெல்லாம் பார்த்துப் பொருத்தம் சொல்லவில்லை. முனுசாமி, மெட்ராஸ், நேட்டால் என்று மூன்று சொற்கள் ஒத்துப்போனதும் காட்டிவிட்டது. வட ஆற்காட்டிலிருந்து நேட்டாலுக்குப் போன முனுசாமிகளை எண்ணி முடியாது.

இந்தத் தளங்கள் எந்த ஊர் வழக்கத்தை வைத்து உருவானவை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டு. அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேரனுக்கும் அதே பெயர்தான். அதைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருடம் பின்னால் போகலாம். நம்மிடம் அந்தக் கயிறே கிடையாது. ஏழுமலை மகன் முனுசாமி, முனுசாமி மகன் பெருமாள், பெருமாள் மகன் இன்னொரு ஏழுமலை. தலைமுறைக்கு ஒரு முதலெழுத்து மாறும். ஆகவே நம் ஆட்களைப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஊர், அப்பன் பெயர், போன காலம் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். உங்களிடம் மூன்றும் இருக்கின்றன, கூடவே ஒரு தழும்பும் இருக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே சொல்கிறேன்.

நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் முதல் கப்பல் போனது 1860-ல். சென்னையில் புறப்பட்ட ‘ட்ரூரோ’, 342 பேரோடு அந்த வருடம் நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கப்பல் 1911 ஜூலையில். அந்த ஐம்பது வருடங்களில் போனவர்கள் 1,52,184 பேர், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கை சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டுப் பட்டியலில் ஏற்றினார்கள். ஒப்பந்தக் கணக்குக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். கூலிக்காரன் மேல் அக்கறை வைத்து யாரும் எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கணக்குத்தான் இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கிற குடும்ப ஏடு.

அந்தக் கப்பல் பட்டியல்கள் பிற்காலத்தில் கணினியில் ஏற்றப்பட்டு, டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் வழியாக இணையத்துக்கு வந்தன. பார்ப்பதற்குப் பணம் கிடையாது. நீங்கள் சந்தா கட்டியிருக்கும் தளங்களைத் திறப்பதற்கு முன்னால் திறக்கவேண்டியது இதைத்தான்.

ஒரு வரியில் என்னென்ன இருக்கும் என்று சொல்கிறேன். காலனி நம்பர் (ஒவ்வொருவருக்கும் போட்ட அந்த நம்பர்), பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள், சில வரிகளில் திரும்பிப் போனாரா இறந்தாரா என்ற குறிப்பு. என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்காகத் தேடியபோது ஒரே தாலுகாவில், ஒரே பெயரில், இரண்டு மூன்று வயது முன்னேபின்னே ஐந்து பேர் வந்து நின்றார்கள். தகப்பன் பெயரை வைத்து மூவரைத் தள்ளினோம். மிச்சம் இருவர். வலது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு என்று ஒருவர் வரியில் இருந்தது. சின்ன வயதில் ஏற்றக் கழி பட்ட காயம் என்று அந்த வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியதும் அந்த வீட்டுப் பெரியவர் தன் புருவத்தைத் தானே தடவிக்கொண்டார். உங்கள் பாட்டி சொன்ன சூட்டுத் தழும்பு அப்படிப்பட்ட சாட்சி.

இப்போது எழுத்துச் சிக்கல். பட்டியலை எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமிக்கு ‘மு’ என்பதை ஒருவர் ‘எம், யூ’ என்பார், இன்னொருவர் ‘எம், ஓ, ஓ’ என்பார். நடுவிலுள்ள ‘னு’ பாதி இடங்களில் காணாமலே போய் ‘மூன்சாமி’ ஆகியிருக்கும். ஏழுமலை இன்னும் மோசம். நம் ழகரத்தைக் கேட்டவர்கள் ஒருவர் ‘எல்’ போட்டார், ஒருவர் ‘இசட்’ போட்டார், ஒருவர் ‘ஒய்’. முதல் எழுத்தே ‘இ’யிலும் தொடங்கும், ‘ஒய்’யிலும் தொடங்கும், ‘யேலமலை’ என்கிற மாதிரி. ஆகவே முழுப் பெயரை அடித்துத் தேடாதீர்கள். பட்டியலை அப்படியே இறக்கிக்கொண்டு, ஜில்லாவில் வட ஆற்காடு, தாலுகாவில் வாலாஜா என்று வடிகட்டி, 1900-லிருந்து 1911 வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதைக் கண்ணால் வரி வரியாக வாய்விட்டுப் படியுங்கள். கணினிக்குப் பிடிபடாத ‘ஏழுமலை’ உங்கள் காதுக்குப் பிடிபடும். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும், பரவாயில்லை. அந்தக் காலத்தில் போனவர் என்றால் அவருடைய காலனி நம்பர் பெரும்பாலும் ஆறு இலக்கத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1902 வரைக்குமே தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு மேல் போயாகிவிட்டது.

ஜில்லா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம் என்கிறோம். 2019-க்கு முன்னால் அது வேலூர். அதற்கும் முன்னால் வட ஆற்காடு. சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1911-ல்தான். ஆகவே இன்றைய ஆந்திரக் கிராமங்கள் பலவும் பட்டியலில் வட ஆற்காடு என்றே இருக்கும். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. உங்கள் குடும்பத்துப் பெண் கொடுத்து எடுத்த ஊர்களையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். வேலை தேடி மாமன் வீட்டுக்குப் போன இடத்தில் ஆள்பிடிப்பவர் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர்கள் உண்டு. அப்போது மாமன் ஊர்ப் பெயரைக் கொடுத்திருப்பார்கள்.

சந்தேகப்படுகிற வரி ஒன்று கிடைத்ததும் அதற்கு மேலும் கீழும் இருபது வரி படியுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போயிருந்தால் நம்பர் அடுத்தடுத்து விழுந்திருக்கும். பக்கத்து வரியில் உங்கள் ஊர்ப் பெயர் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருந்தால் முனுசாமி தனியாகப் போகவில்லை, தெருக்காரன் ஒருத்தன் கூட இருந்தான் என்று தெரியும். கப்பலில் அவருக்குப் பேச்சுத்துணை இருந்தது என்பது ஆவணத்தில் ஒரு சின்ன எண் வரிசை. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் பல குடும்பங்கள் தேடலை நிறுத்திவிடுகின்றன. வீட்டில் சொன்னதும் பட்டியலில் இருப்பதும் வேறாக இருக்கலாம். எழுதியவன் தப்பாக எழுதியிருப்பான். போனவரே மாற்றிச் சொல்லியிருப்பார். வீட்டில்தான் பின்னால் கதை மாறியிருக்கும். எப்படியானாலும் அந்த ஒரு கட்டத்தை வைத்து ‘இவர் நம் ஆள் இல்லை’ என்று தள்ளாதீர்கள். தகப்பன் பெயர், ஊர், வயது, தழும்பு நான்கும் ஒத்துப்போனால் அவர் நம் ஆள்தான்.

காலனி நம்பர் கையில் வந்த பிறகு வேலை பாதி முடிந்தது. நேட்டாலில் அவர் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் அந்த நம்பரில்தான் நடந்தது: கல்யாணப் பதிவு, தோட்டம் மாறியது, புகார் கொடுத்தது, ஊர் திரும்பியது. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இணையத்தில் இலவசத் தேடல் அட்டவணை ஒன்று உண்டு. அதில் கோப்பின் தலைப்பும் எண்ணும்தான் தெரியும், காகிதம் தெரியாது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டு காப்பகங்களின் கோப்புகளையும் அதில் தேடலாம். ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க நேட்டால் அரசு வைத்த ‘இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர்’ அலுவலகத்தின் கோப்புகள் பல அங்கே இருக்கின்றன. பெயரையும் போட்டுப் பாருங்கள், நம்பரையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து மார்மன் திருச்சபை நடத்துவது. கணக்குத் தொடங்கினால் போதும், கட்டணம் இல்லை. நேட்டாலின் இறப்புப் பதிவுகளும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் ஃபைல்களும் (இறந்தவர் விட்டுப்போன சொத்தைத் தீர்த்த கோப்புகள்) அங்கே படங்களாகக் கிடைக்கின்றன. எஸ்டேட் ஃபைல் என்றவுடன் பெரிய சொத்துக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். இறந்தவர் விட்டுப்போனது கொஞ்சம்தான் என்றாலும் சில சமயம் ஃபைல் இருக்கும். அதற்குள் மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும்: இறந்தவர் எங்கே பிறந்தார், தாய் தகப்பன் பெயர் என்ன, மனைவி யார், பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு நிரப்பியிருப்பார்கள். பிள்ளைகளின் பெயர் வரிசையாகக் கிடைக்கிற இடம் அதுதான்.

அந்தப் பிள்ளைகளைத் தேடும்போது ஒன்று கவனியுங்கள். அங்கே போனதும் நம் பெயர் முறை மாறிவிட்டது. அப்பாவின் தனிப்பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி அதுவே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் முனுசாமியின் பேரப்பிள்ளைகள் ‘முன்சாமி’ குடும்பமாக இருக்கலாம். ‘ஏழுமலை’ குடும்பமாகவும் இருக்கலாம். சாதிப் பெயர் நின்ற இடங்களில் அதன் உருவமே மாறிவிட்டது. முதலி அங்கே ‘மூட்லி’, கவுண்டர் ‘கோவெண்டர்’. ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பி, பதிவு செய்த ஆள் மாறியதால் இரண்டு குடும்பப் பெயரோடு வாழ்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சந்தா விஷயம் சுருக்கமாக. பணம் கட்டிய இரண்டு தளங்களிலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே நிறுத்திவிடுங்கள். அவற்றின் பலம் இங்கிலாந்து, அமெரிக்கப் பதிவுகள். உங்கள் தேடலுக்கு இப்போது அவை தேவைப்படாது. மற்றவர்கள் போட்ட மரங்கள் துப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு பெயருக்குக் கீழே ஆவணம் எதுவும் இணைக்கப்படவில்லை என்றால் அதை உங்கள் மரத்தில் ஒட்டாதீர்கள். ஒருவர் செய்த தப்பு பத்து மரங்களில் நகலாகி நிற்கும்போது பத்துப் பேர் சாட்சி சொல்வது போலத் தோன்றும். அந்த 1868 என்ற வருடம்கூட, பட்டியலில் இருந்த வயதை வந்த வருடத்திலிருந்து கழித்துப் போட்டதாக இருக்கலாம். பட்டியல் வயதே உத்தேசம்தான், ஐந்து வருடம் முன்னேபின்னே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: உங்கள் மரத்தில் உயிரோடிருப்பவர்களின் பெயர், பிறந்த தேதியை எல்லோரும் பார்க்கும்படி விடாதீர்கள்.

டி.என்.ஏ.வுக்கு வருகிறேன். முனுசாமிக்குக் கொள்ளுப்பேரன் ஒருவர் டர்பனில் இருந்தால் அவரும் நீங்களும் ஏழுமலையிலிருந்து நான்காம் தலைமுறை. அந்தத் தூரத்தில் உண்மையான சொந்தம் இருந்தும் பத்தில் ஒருவருக்குப் பொருத்தம் காட்டாமல் போகலாம். மறுபக்கம், நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்த வழக்கம். ஒரே முன்னோர் நம் மரத்தில் இரண்டு மூன்று கிளைகளில் வருவார். அதனால் தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போலக் காட்டும். தளம் ‘செகண்ட் கசின்’, அதாவது இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே, என்று எழுதிக் காட்டினால் அதை அப்படியே நம்ப முடியாது. செய்வதானால் உங்களுக்குச் செய்யாதீர்கள், பாட்டிக்குச் செய்யுங்கள். முனுசாமியின் பிள்ளைகளுக்கு அவர் நேரடியாகச் சித்தப்பா மகள். உங்களைவிட இரண்டு தலைமுறை பக்கத்தில் இருக்கிறார். ஆனால் எச்சிலை எங்கே அனுப்புகிறோம், அதிலிருந்து எடுப்பதை யார் வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, மனதார ‘சரி’ என்றால் மட்டும். கப்பல் பட்டியலில் ஆள் கிடைக்கும் வரை அதற்கும் அவசரம் இல்லை.

இணையத்தில் இல்லாதது உங்கள் வீட்டில் இருக்கிறது. பரணில் பழைய மொய் நோட்டுகள் கிடந்தால் இறக்குங்கள். அதைவிடச் சுத்தமான உறவுப் பட்டியலை நான் பார்த்ததில்லை. ‘புளியமரத்து வீட்டு ஏழுமலை பேரன், தாய்மாமன் முறை’ என்று ஊரும் உறவும் தொகையும் ஒரே வரியில் இருக்கும். காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டு எல்லாம் அந்த வகைதான். அப்புறம் நிலப் பத்திரங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் கேளுங்கள். மிகப் பழைய வருடங்களுக்கு நேரில் போய்த் தேடச் சொல்லவேண்டியிருக்கும். ஒரு வீட்டில் இப்படி எடுத்த பத்திரத்தில், ‘நேட்டால் சென்றிருக்கும் மூத்தவர் திரும்பி வந்தால் அவர் பாகத்துக்கு’ என்று கிணற்றோரம் முப்பது சென்ட் தனியாக ஒதுக்கி எழுதியிருந்தார்கள். கிளம்பிப் பதினைந்து வருடம் ஆன பிறகு எழுதிய பத்திரம் அது.

உங்கள் அம்மாவுக்கு அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். போனவர் போய்விட்டார் என்று அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, முடிந்ததும் வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் வருடம் மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். அது 1914-ல்தான் ஒழிந்தது. கட்ட முடியாமல் திரும்பவும் ஒப்பந்தத்தில் விழுந்தவர்கள் ஏராளம். கடிதம் வராததற்கு மறந்துபோனதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும், தபாலுக்குக் காசு வேண்டும், விலாசம் ஆங்கிலத்தில் வேண்டும்.

டர்பன் குடும்பத்துக்கு இப்போதே எழுதுங்கள், ஆனால் ‘நாம் சொந்தம்’ என்று தொடங்காதீர்கள். அவர்களில் பலருக்கு இன்று தமிழ் பேச்சில் இல்லை, ஆங்கிலத்தில் நான்கு வரி போதும். உங்கள் ஊர் எது, யாரைத் தேடுகிறீர்கள், அவர்கள் முனுசாமியின் காலனி நம்பர் தெரியுமா, தெரிந்தால் பட்டியலில் ஊர் என்னவென்று போட்டிருக்கிறது, இதைக் கேளுங்கள். சொத்து, பணம் எதையும் நாடி எழுதவில்லை என்று ஒரு வரி சேருங்கள். அவர்கள் உங்கள் சொந்தமாக இல்லாமல் போனாலும், வாலாஜா பக்கத்துக் கிராமப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. பூர்விக ஊரைத் தேடும் அவர்கள் திண்டாடுவதே அந்தக் கிராமக் கட்டத்தில்தான்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, இந்த வாரமே செய்யுங்கள். பாட்டியிடம் போய் உட்கார்ந்து, போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அந்தத் தழும்பு இடது கையா வலது கையா, முழங்கைக்கு மேலா கீழா, எதில் சுட்டது, அவருக்கு அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள். பட்டியலில் நீங்கள் எதையும் பார்ப்பதற்கு முன்னால் அவர் வாயால் சொன்னதாக அது இருக்கவேண்டும். தேதியைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.